காரில் இருந்த பாராங்: கருவியா, ஆயுதமா? சாலையில் யார் முடிவு செய்வது?

“காரில் பாராங் கத்தி கண்டெடுக்கப்பட்டது.” போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் யாராவது இறந்தால், மறுநாள் செய்தியாளர் கூட்டத்தில் இந்த வரி வருமா என்று காத்திருப்பது மலேசிய வாசகர்களுக்குப் பழகிப் போய்விட்டது. கிள்ளான் வட்டாரத் தமிழர் இந்த வரியைப் படிக்கும்போது மனம் இரண்டாகப் பிரியும். பாராங்கோடு இரவில் சுற்றியவனுக்கு என்ன வக்காலத்து என்று ஒரு பாதி கேட்கும். மறு பாதிக்கு வீட்டு வாசலில் நிற்கும் லோரி ஞாபகத்துக்கு வரும். அதன் சீட்டுக்குப் பின்னால் பழைய கோணிச் சாக்கில் சுற்றிய பாராங் ஒன்று கிடக்கும்.

அந்த இரண்டாவது பாதியைப் பற்றி நம் பக்கங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. துப்பாக்கி உரிமம் பெற்ற ஓட்டுநர்களைப் போலீஸ் எப்படி நடத்துகிறது என்பது அமெரிக்காவில் நீண்ட காலமாக நடக்கும் விவாதம். மலேசியாவில் சாதாரண ஓட்டுநர் துப்பாக்கி வைத்திருப்பதில்லை, வைத்திருக்கவும் முடியாது. ஆனால் தொழிலுக்காக இரும்பு வைத்திருப்பவர் ஆயிரக்கணக்கில் உண்டு. சாலைச் சோதனையில் அவர்கள் நிலை என்ன என்று கேட்டால் தெளிவான பதில் கிடையாது.

முதலில் ஷா ஆலம் வழக்கு. 2010 ஏப்ரல் 26, விடியற்காலை. அமினுல்ரஷிட் அம்சா என்ற மூன்றாம் படிவ மாணவன் அக்காளின் புரோட்டோன் காரை எடுத்துக்கொண்டு நண்பனுடன் வெளியே போயிருந்தான். வயதும் இல்லை, லைசென்சும் இல்லை. வழியில் இன்னொரு காரை உரசிவிட்டு பயத்தில் நிற்காமல் ஓட்டினான். ரோந்துப் போலீசார் துரத்தினர். செக்‌ஷன் 11-இல், வீட்டுக்கு வெகு அருகில், துப்பாக்கிச் சூடு நடந்தது. தலையின் பின்புறம் குண்டு பாய்ந்து மாணவன் இறந்தான். நண்பன் உயிர் தப்பினான்.

அப்போது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவர், பின்னாளில் தேசிய போலீஸ் படைத் தலைவரான காலிட் அபு பாக்கார். கார் போலீசாரை நோக்கிப் பின்னால் செலுத்தப்பட்டதாகவும், காரில் பாராங் இருந்ததாகவும் போலீஸ் தரப்பு அப்போது சொன்னது. பள்ளிப் பையன் ஒருவன் ஒரே நாளில் ஆயுதம் வைத்திருந்த சந்தேக நபராக மாறிப்போனான். குடும்பம் அதை அடியோடு மறுத்தது. நாடு முழுக்கக் கொந்தளிப்பு ஏற்பட்டது.

சுட்ட கார்ப்பரல் மீது குற்றவியல் சட்டம் 304(a) பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. டயரைக் குறிவைத்தே சுட்டதாக அவர் தற்காப்பு வாதம் செய்தார். 2011 செப்டம்பரில் ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 5 ஆண்டு சிறை விதித்தது. 2012 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவரை விடுவித்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலையை நிலைநிறுத்தியது. குற்றவியல் கதை அதோடு முடிந்தது. குடும்பம் சிவில் வழக்குப் போட்டது. 2016-இல் உயர் நீதிமன்றம் 414,800 ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாதிக்கப்பட்டது மலாய்க் குடும்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். போலீஸ் துப்பாக்கி இந்தியர்களை மட்டும் தேடி வருகிறது என்று மேடையில் முழங்குவது எளிது. கூட்டம் கைதட்டும். ஆனால் ஷா ஆலம் வழக்கு காட்டுவது அதைவிடப் பரவலான ஒரு நோய். வாகனத்தில் இருந்தவர் இறந்துவிட்டால், அந்த வாகனத்தில் என்ன இருந்தது, அது யாருடையது, எதற்காக இருந்தது என்பதையெல்லாம் சொல்ல ஒரு தரப்புதான் மிஞ்சுகிறது. அந்த இரவில் நண்பன் உயிர் பிழைத்ததால்தான் வேறொரு கதையை நீதிமன்றம் கேட்க முடிந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். பாராங் வைத்திருப்பது குற்றமா? 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதச் சட்டத்தின் 6(1) பிரிவு இதைக் கையாள்கிறது. பொதுச் சாலையிலோ பொது இடத்திலோ சட்டப்படியான அதிகாரமோ சட்டப்படியான நோக்கமோ இல்லாமல் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் குற்றம். தண்டனை 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை; பிரம்படியும் உண்டு. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் சமாச்சாரம் அல்ல.

சரி, தாக்கும் ஆயுதம் என்றால் எது? தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்கிறது சட்டம். இந்த விளக்கத்துக்குள் பாராங் வரும். செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் வரும். புல் வெட்டும் கத்தி, தேங்காய் உரிக்கும் கம்பி, லோரி டயர் கழற்றும் இரும்புத் தடி எல்லாம் வரும். நூல் பிடித்துப் பார்த்தால் திருகாணிச் சாவிகூட வரும். ஆகவே வழக்கு முழுவதும் நோக்கம் என்ற ஒரே சொல்லில்தான் தொங்குகிறது. நோக்கம் வைத்திருப்பவரின் மனதில் இருப்பது. நடைமுறையில் அதை விளக்க வேண்டிய சுமை அவர் தலையில்தான் விழும்.

பகல் பத்து மணிக்கு, காப்பார் சாலையோரம் புல் வெட்டிக்கொண்டிருப்பவர் கையில் உள்ள பாராங்கை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அதே பாராங் இரவு ஒரு மணிக்கு, பண்டமாரானிலிருந்து வீடு திரும்பும் பழைய வேனில், மூன்று இளைஞர்களின் காலடியில் கிடந்தால்? கத்தி மாறவில்லை, ஆளும் மாறவில்லை. மணி மாறியிருக்கிறது, உடன் இருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். டார்ச் லைட்டை அடிக்கும் போலீஸ்காரருக்குத் தெரிவது அவ்வளவுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்குப் பாராங் உடம்பின் ஒரு பாகம் மாதிரி. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமானபோதும், மக்கள் கிள்ளான், பூச்சோங் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தபோது அந்தப் பாராங்கும் கூடவே வந்தது. தோட்டத்துக்குள் அதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. பட்டணத்துச் சாலையில் கேட்கிறார்கள். நகராட்சிக் குத்தகையில் மரம் வெட்டுபவர், ஜாலான் தெங்கு கிளானாவில் இளநீர் விற்பவர், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்கு வாழை மரமும் தென்னங்குருத்தும் வெட்டி ஏற்றி வருபவர், கேரித் தீவுப் பக்கம் ஒப்பந்த அறுவடைக்குப் போகிறவர் என்று எல்லாரும் அந்த இரும்போடுதான் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடுகிறார்கள். ஆடி மாதம் முனீஸ்வரர் கோயில் பூசைக்கு அருவாளைக் காரில் வைத்துக் கொண்டுபோகும் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாமிக்குக் கொண்டுபோகிறோம் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது என்று அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு வரும்?

துப்பாக்கியின் நிலை வேறு. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் தரும் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உரிமம் இல்லாத துப்பாக்கி பிடிபட்டால் 1971-ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் 6-க்குக் குறையாத பிரம்படியும் காத்திருக்கின்றன. நம்மவர்களில் துப்பாக்கியோடு சட்டப்படி சாலையில் போகிறவர் என்றால் பெரும்பாலும் பாதுகாவலர்தான். வங்கிப் பண வேனில் நீளத் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பாரே, அவர். நிறுவனத்துக்கு உரிமம், அவருக்குத் தனியாக எடுத்துச் செல்லவும் பயன்படுத்தவும் பெர்மிட். சீருடை இருக்கிறது, அட்டை இருக்கிறது, வேனில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. போலீஸ் நிறுத்தினால் காட்ட ஒரு தாள் உண்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மனிதனைக் கொல்லவே செய்யப்பட்ட கருவியை வைத்திருப்பவருக்கு அத்தாட்சி உண்டு. புல் வெட்டச் செய்யப்பட்ட கருவியை வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடையாது.

ஆனால் தாள் இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடவும் முடியாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2016 ஜூலை 6-ஆம் தேதி நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பிலாண்டோ காஸ்டில் என்ற 32 வயது கறுப்பின ஆடவர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மேற்பார்வையாளர். காதலியும் அவருடைய 4 வயது மகளும் காரில் இருந்தார்கள். பின்விளக்கு எரியவில்லை என்று சொல்லி ஃபால்கன் ஹைட்ஸ் என்ற ஊரில் போலீஸ்காரர் நிறுத்தினார். உண்மையில் ஒரு கொள்ளைச் சம்பவச் சந்தேக நபரின் ஜாடை, குறிப்பாக அகன்ற மூக்கு, ஓட்டுநருக்கு இருப்பதாக அவர் முன்னதாகவே ரேடியோவில் சொல்லியிருந்தார். காஸ்டில் காப்புறுதி அட்டையை நீட்டினார். பிறகு, மரியாதையாக, தன்னிடம் துப்பாக்கி ஒன்று இருப்பதைத் தானாகவே தெரிவித்தார். அதை எடுத்துச் செல்ல அவரிடம் பெர்மிட் இருந்தது. எடுக்காதே என்றார் போலீஸ்காரர். எடுக்கவில்லை என்றார் இவர். சில விநாடிகளில் போலீஸ்காரர் அவரை நோக்கி 7 முறை சுட்டார். காதலி கைப்பேசியில் நேரலையாக ஒளிபரப்பிய காட்சியை உலகம் பார்த்தது. 2017 ஜூன் 16-இல் நடுவர் குழு அந்தப் போலீஸ்காரரை விடுவித்தது.

மினசோட்டாவில் துப்பாக்கி பெர்மிட் உள்ளவர் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். தானாக முந்திக்கொண்டு சொல்லும் கட்டாயம் இல்லை. மிச்சிகன் போன்ற வேறு சில மாநிலங்களில் நிறுத்தியவுடன் சொல்லியாக வேண்டும். காஸ்டில் கேட்காமலேயே சொன்னார். சட்டம் கேட்டதற்கும் மேலாக நேர்மையாக நடந்தார். அந்த நேர்மைதான் போலீஸ்காரரின் பயத்தைக் கிளப்பியது. அதற்கு முந்தைய 13 ஆண்டுகளில் சிறுசிறு போக்குவரத்துக் காரணங்களுக்காக அவர் 40 முறைக்கு மேல் நிறுத்தப்பட்டிருந்தார் என்பது பின்னர் வெளிவந்தது. அடிக்கடி நிறுத்தப்படுகிறவருக்கு ஒரு நாள் தவறான போலீஸ்காரர் வாய்க்கும் வாய்ப்பும் கூடத்தான் செய்யும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இந்திய இளைஞர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். காஸ்டில் வழக்கில் ரோந்துக் காரின் கேமரா நிகழ்வைப் பதிவு செய்திருந்தது. தீர்ப்பு என்னவானாலும், பார்க்க ஒரு பதிவாவது இருந்தது. ஷா ஆலத்தில் 2010-இல் அப்படி எதுவும் இல்லை.

அந்த இல்லாமை இன்னும் தொடர்கிறது என்பதைக் காட்டியது டுரியான் துங்கால். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வெளியே, மலாக்காவில் நடந்தது என்றாலும் கிள்ளான் காப்பிக் கடைகளில் அதைப் பேசாதவர் இல்லை. 2025 நவம்பர் 24-ஆம் தேதி அங்கே மூன்று இந்திய ஆடவர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் பாராங் கத்தியால் போலீஸ்காரரைத் தாக்கியதால் சுட நேர்ந்தது என்று போலீஸ் கூறியது. முதலில் கொலை முயற்சி என்ற பிரிவில்தான் விசாரணை. அதாவது இறந்தவர்கள் தாக்கியவர்கள் என்ற கோணத்தில். குடும்பத்தார் தரப்பு வழக்கறிஞர்கள் ஒரு தொலைபேசி ஒலிப்பதிவை முன்வைத்து, போலீஸ் சொல்வதும் நடந்ததும் பொருந்தவில்லை என்றனர். டிசம்பர் மத்தியில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அந்த வழக்கை 302-ஆவது பிரிவின் கீழ், கொலை என்று மறுவகைப்படுத்தி விசாரிக்க உத்தரவிட்டது.

அந்த மூவர் குற்றமற்றவர்களா, போலீசார் குற்றவாளிகளா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விசாரணையின் திசையை மாற்றக் காரணமானது போலீஸ் கேமரா அல்ல, போலீஸ் அறிக்கையும் அல்ல. தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தொலைபேசி அழைப்பு. ஷா ஆலத்தில் உயிர் தப்பிய நண்பன். மலாக்காவில் துண்டிக்கப்படாத அழைப்பு. குடும்பங்கள் நியாயம் கேட்க இப்படிப்பட்ட தற்செயல்களை நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

போலீஸ் எப்போது சுடலாம் என்ற விதி எங்கே இருக்கிறது? குற்றவியல் நடைமுறைச் சட்டம் 15-ஆவது பிரிவு ஓர் எல்லை போடுகிறது: மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது அவரைக் கொல்லும் உரிமை அந்தப் பிரிவால் கிடைக்காது. தற்காப்பு உரிமை தனி. அது போலீஸ்காரருக்கும் உண்டு. ஆனால் துப்பாக்கியை எப்போது உருவுவது, எத்தனை எச்சரிக்கை கொடுப்பது, ஓடும் காரை நோக்கிச் சுடலாமா கூடாதா என்ற நுட்பமான விதிகள் தேசிய போலீஸ் படைத் தலைவரின் நிலையாணைகளில் இருக்கின்றன. 1967-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 97-ஆவது பிரிவு அவற்றுக்கு அதிகாரம் தருகிறது. பொதுமக்கள் பார்வைக்கு அவை வைக்கப்படுவதில்லை. சாலையில் நிற்கும் ஓட்டுநர் தான் எந்த விதியின் கீழ் நடத்தப்படுகிறோம் என்பதைப் படித்துப் பார்க்கவே முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில். துன் முகமது ஜைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. சுயேச்சையான புகார் ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் தலையாயது. 2009-இல் சுபாங் ஜெயா காவலில் குகன் இறந்தபோதும், 2021-இல் கோம்பாக்கில் கணபதி காவலில் வைக்கப்பட்ட பின் இறந்தபோதும் அந்தப் பரிந்துரை தூசி தட்டப்பட்டது. கடைசியில் 2022-இல் நாடாளுமன்றம் போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, 2023 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை என்ற குறை பரவலாகப் பேசப்பட்டது. பேசப்படாதது இன்னொன்று: போலீஸ் சட்டத்தின் 96, 97-ஆவது பிரிவுகளின் கீழ் வரும் செயல்களை அந்த ஆணையத்தின் வரம்பிலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அதே 97. துப்பாக்கி விதிகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கே ஆணையம் நுழைய முடியாதபடி கதவு சாத்தப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டுகள் போராடிப் பெற்ற ஆணையம் இது.

மரண விசாரணையிலும் இதே கதைதான். போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 334-ஆவது பிரிவு. சாலையில் சுடப்பட்டு இறந்தவர் காவலில் இல்லை. ஆகவே அந்தக் கட்டாயம் அவருக்குப் பொருந்துவதில்லை. லாக்கப் மரணங்களுக்குக் குரல் கொடுக்கும் நம் அரசியல்வாதிகள் இந்த ஒரு வரித் திருத்தத்தை ஏன் கேட்கவில்லை என்பது புரியவில்லை.

போலீசார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கிள்ளானில் குண்டர் கும்பல் சண்டைகளில் பாராங் என்ன செய்கிறது என்று மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை செய்யும் தாதியரைக் கேட்டால் தெரியும். வெட்டுப்பட்டுக் கிடப்பவர்களிலும் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் இந்தியர் விகிதத்தைக் கேட்டுத் தலைகுனிந்த சமூகம் இது. இருட்டில் ஒரு காரை நெருங்கும் கான்ஸ்டபிளுக்கும் வீட்டில் மனைவி, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர் பயப்படக் கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்தைப் பயிற்சியும் கேமராவும் விதியும்தான் கட்டுக்குள் வைக்க முடியும். உடலில் அணியும் கேமரா பற்றி அடுத்தடுத்து வந்த உள்துறை அமைச்சர்கள் எல்லாரும் அறிவிப்புச் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு ரோந்துப் போலீஸ்காரரின் சட்டையிலும் அது எரிகிறதா என்பதே கேள்வி. கேமரா இருந்தால் பொய்ப் புகாரிலிருந்து போலீஸ்காரருக்கும் பாதுகாப்பு. இதற்கு எதிராக யார் வாதாட முடியும்?

இனி, சாலையில் நிறுத்தப்படுபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை. போலீஸ் சட்டம் 24-ஆவது பிரிவின் கீழ், குற்றத்துக்குப் பயன்படுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் உள்ள வாகனத்தை வாரண்ட் இல்லாமல் நிறுத்திச் சோதிக்கலாம். 26-ஆவது பிரிவு சாலைத் தடுப்பு போட அதிகாரம் தருகிறது. ஆகவே நிறுத்தினால் நிற்க வேண்டும். அதில் வாதம் வேண்டாம். அமினுல்ரஷிட் ஓடியதற்கு மரணம் தண்டனையாக இருந்திருக்கக் கூடாது. ஆனாலும் ஓடுவதில்தான் ஆபத்து அதிகம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது பெற்றோர் கடமை. சாதாரண உடையில் வந்து நிறுத்துபவரிடம் அதிகார அட்டையைக் கேட்கும் உரிமை உண்டு. இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும் நீல அட்டை, அதற்குக் கீழ்ப்பட்டவர் மஞ்சள், துணைப்படை வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் 2006-இல் வெளியிட்ட ‘சிவப்புப் புத்தகம்’ என்ற சிறு கையேடு இவற்றை எளிமையாகச் சொல்லியிருக்கிறது.

பாராங் கண்டெடுக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டால், காரணத்தைச் சொல்ல வேண்டியது போலீசாரின் கடமை. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதை உறுதி செய்கிறது. உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவு இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 6(1) பிரிவுக் குற்றத்துக்குக் கூடியபட்சத் தண்டனை 14 ஆண்டுக்குக் குறைவு என்பதால் முதல் தடுப்புக் காவல் உத்தரவு 4 நாளுக்கு மேல் போகக் கூடாது; இரண்டாவது 3 நாள். இந்த 4 நாளில் கைதானவரின் மனைவி அலைவதைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், எண்களைத் தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு உதவும் என்று. நாள்கூலிக்காரர் வீட்டில் 4 நாள் என்பது அந்த வார அடுப்பு.

நிறுத்தும் இடத்தில் நடந்துகொள்ளும் முறைக்குச் சட்டப் புத்தகத்தில் விதி இல்லை, பட்டறிவுதான் வழிகாட்டி. எஞ்சினை நிறுத்தி, உள் விளக்கைப் போட்டு, கைகளை ஸ்டீயரிங் மேல் வைப்பது. கேட்காமல் இறங்காமல் இருப்பது. பாராங்கைச் சீட்டுக்கு அடியிலோ கதவோரமோ வைக்காமல், உறையிட்டு, பிற வேலைச் சாமான்களோடு பின்பெட்டியில் பூட்டி வைப்பது. புல் வெட்டும் இயந்திரம், கையுறை, பூட்ஸ் ஆகியவற்றோடு கிடக்கும் பாராங் தன் கதையைத் தானே சொல்லும். தனியாக, கைக்கெட்டும் இடத்தில் கிடப்பது வேறு கதை சொல்லும். சோதனை தொடங்கும் முன்பே, கையை எங்கும் நீட்டாமல், பின்னால் வேலைக் கருவி இருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது. “அடா பாராங் டி பெலாகாங், துவான், உந்தோக் கெர்ஜா.” இந்த ஒரு மலாய் வாக்கியத்தைப் பாடமாக வைத்திருக்கலாம். காஸ்டிலுக்கு நடந்ததைப் படித்தவர் சொல்வதா வேண்டாமா என்று தயங்கக்கூடும். ஆனால் அவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் பாராங்கைவிட, நாம் முன்கூட்டிச் சொன்ன பாராங் பரவாயில்லை. டேஷ்கேம் வாங்க வசதி இருந்தால் உள்ளேயும் வெளியேயும் பதிவு செய்யும் வகையாகப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு தாள். பாதுகாவலருக்குப் பெர்மிட் இருப்பதுபோல் பாராங்காரருக்கு அரசாங்கம் எதுவும் தருவதில்லை. ஆனால் தோட்ட நிர்வாகமோ, நகராட்சிக் குத்தகையாளரோ, கடை முதலாளியோ தரலாம். நிறுவனத்தின் தலைப்புத் தாளில், மலாயில், இன்னார் எங்களிடம் இன்ன வேலை செய்கிறார், அதற்குப் பாராங்கும் அரிவாளும் தேவை, இந்த வாகன எண்ணில் எடுத்துச் செல்கிறார் என்று நான்கு வரி, கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண். சட்டத்தில் உள்ள நோக்கம் என்ற சொல்லுக்கு அது கேடயமாகிவிடாது. ஆனால் மாஜிஸ்திரேட் முன்னும், அதற்கு முன்னால் சாலையோரத்திலும், காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கும். தொழிற்சங்கக் கிளைகள் மாதிரிக் கடிதம் ஒன்றைத் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். சொந்தத் தொழில் செய்பவர்கள் எஸ்எஸ்எம் பதிவுத் தாளின் நகலை லோரியில் வைத்துக்கொள்ளலாம். செலவு, நகல் எடுக்கும் இருபது சென்.